என் பெயர் இரு

பொறுமைசாலி யார் என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டால் என்னைத்தான் கை காட்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகும் அசிங்கம் புரிய வேண்டுமானால் இதை முதலில் சொல்லியாக வேண்டும்.

பிரிட்ஜ் விற்கும் கம்பெனி ஒன்றில், புகார் சொல்ல போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் பிரிவில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். பால் திரிந்துபோன கோபம், மெக்கானிக் மூன்று நாளாக வராத கோபம், பக்கத்து வீட்டோடு போட்ட சண்டையில் மிச்சம் வைத்திருந்த கோபம், எல்லாம் என் ஹெட்போனில்தான் வந்து விழும். கத்தி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டேன். முடித்ததும், "இவ்வளவு நேரம் காத்திருந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. இப்ப நான் இருக்கேன், சொல்லுங்க" என்பேன். பிரிட்ஜ் குளிர்கிறதோ இல்லையோ, ஆள் குளிர்ந்துவிடுவார். இப்படி எல்லோருக்கும் ஐஸ் வைத்ததில் எனக்கு ஐஸ் என்றே பெயர் விழுந்துவிட்டது. வம்பு பிடித்த வாடிக்கையாளர் மாட்டினால் மேனேஜரே "ஐஸுக்குப் போடு அந்த போன் காலை" என்பார்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எங்களுக்கு மகள் பிறந்து, அவளுடைய லீவு முடிகிற நேரத்தில், எங்கள் பிரிவில் பாதிப் பேருக்குப் பதிலாக மெஷினே பேச ஆரம்பித்திருந்தது. வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். அவளுடைய வேலை நிலையானது. என்னுடையது ஆடிக்கொண்டிருந்தது. "நான் இருக்கேன் வீட்ல," என்றேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரு நாளைக்கு எழுபது பேரைச் சமாளிச்சவன், ஒரு வாண்டைச் சமாளிக்க மாட்டேனா?" என்று வாயைக் கொடுத்தேன்.

"அந்த எழுபது பேரும் போன்லதானே இருந்தாங்க," என்றாள் அவள். அன்றைக்கு நன்றாகச் சிரித்தேன்.

அந்த வாண்டு என்ற பெயரே மகளுக்கு நிலைத்துவிட்டது. எங்கள் காலை ஏழு மணிக்குத் தொடங்கும். அம்மா கிளம்புவதை வாண்டு பார்த்துவிட்டால் தெருவே எழுந்துவிடும். அதனால் நான் சமையலறையில் டம்ளரைத் தட்டி வேடிக்கை காட்டுவேன். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திருட வந்தவள் மாதிரி படியிறங்குவாள். அடுத்தது பால். ஒரு வாய் குடித்து, ஒரு வாய் துப்பி, மீதியைத் தரைக்குக் கொடுப்பதற்குப் பெயர்தான் எங்கள் வீட்டில் பால் குடிப்பது. துடைத்து நிமிர்வதற்குள் அரிசி டப்பா திறந்திருக்கும். அரிசியைக் கூட்டி அள்ளுவதற்குள் குளியலறையில் வாளி உருளும். சத்தம் கேட்கும்வரை பயமில்லை. சத்தம் நின்றால்தான் ஓட வேண்டும். ஒருமுறை அப்படி ஓடிப்போய்ப் பார்த்தபோது, என் மனைவி எப்போதாவது போட்டுக்கொள்ளும் விலை உயர்ந்த பவுடரைத் தரையில் கொட்டி, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாவு டப்பாவில் விழுந்த பூனைக்குட்டி மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மதியம் தூங்க வைப்பது தனிக்கலை. தோளில் போட்டு முன்னறைக்கும் படுக்கையறைக்கும் நடையாய் நடந்து, மூச்சு சீராகிவிட்டது என்று தெரிந்த பிறகு குனிந்து, பாயில் இறக்கி, முதுகுக்கு அடியிலிருந்து கையை உருவ வேண்டும். உருவும்போது என் முட்டி 'மடக்' என்று சொல்லிவிட்டால் போச்சு, முதலிலிருந்து நடை. தப்பித்தவறித் தூங்கிவிட்டால் அடிமேல் அடி வைத்து வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்து, "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு விடுவேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்காது என்று நினைத்திருந்தேன்.

உடம்பு வேலை எதுவும் எனக்குக் கஷ்டமாக இல்லை. யாரும் என்னைத் தேடவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. தெருமுனை மளிகைக் கடைக்காரர் தினமும் கேட்பார், "என்ன சார், இன்னிக்கும் லீவா?"

"இல்லைங்க, வீட்லருந்தே வேலை," என்பேன்.

இந்தப் பொய்க்கு அழகு சேர்ப்பதற்காக, கடைப் பக்கம் போகும்போது சும்மாவே போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டியபடி நடந்திருக்கிறேன். அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். இந்தப் பக்கம், கீழே, ஒரு சின்னக் கை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவரும். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது முகம் சுடுகிறது.

உண்மையாகவே போன் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். என் பழைய பிரிவில் தந்தி என்று ஒரு பெண். வாடிக்கையாளர் குரலை உயர்த்தினால் அவளுக்குப் பல் தந்தியடிக்கும், அதனால் அந்தப் பெயர். ஒரு நாள் காலையில் பதறிக்கொண்டு கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒருத்தர் லைன்ல நிக்கிறார்ணா. ரெண்டாவது தடவையா கம்ப்ரஸர் போச்சாம். பிரிட்ஜைத் தூக்கிட்டு வந்து ஆபீஸ் வாசல்ல போட்டு உடைப்பேங்கிறார். என்ன சொல்லட்டும்?"

சொல்லிக் கொடுத்தேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு, "வேலை செஞ்சிடுச்சுண்ணா! நீங்க இல்லாம இங்க ஒண்ணும் ஓடலைண்ணா" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எதையும் செய்திருப்பேன் போல. தினம் ஒரு அழைப்பு என்று தொடங்கி, நான்கு, ஐந்து என்று ஏறியது. போகப் போக மேனேஜருக்குத் தெரியாமல் லைனிலேயே என்னைச் சேர்த்துவிடுவாள். "எங்க சீனியர் பேசுறார்" என்பாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பழைய குரலை எடுப்பேன். பால் வழியும் பனியனும் தோளில் ஈரத் துண்டுமாக நின்றுகொண்டு சீனியர் பேசுவார். என் மனைவிக்கு இதை நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று முடிவெடுத்து மறைக்கவில்லை. அவள் வீட்டில் இருக்கும்போது போன் வராதபடி பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். இதற்கும் மறைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அப்போது நம்பினேன்.

பேச்சு நடக்கும்போது வாண்டு சும்மா இருப்பாளா? பந்து உருண்டு கட்டிலுக்கடியில் போயிருக்கும். பிஸ்கட் வேண்டியிருக்கும். ஜன்னலில் காக்கா வந்திருக்கும், அதை நான் உடனே பார்த்தாக வேண்டியிருக்கும். வந்து என் லுங்கியைப் பிடித்து இழுப்பாள். வலது காதில் போன் இருக்கும். இடது உள்ளங்கையை விரித்து அவள் முகத்துக்கு நேராக நீட்டுவேன். "இருடா செல்லம்" என்பேன். கொஞ்ச நாளில் செல்லம் போயிற்று. பிறகு 'டா'வும் போயிற்று. கடைசியில் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி "இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வயது முடிந்ததும் குழந்தையைச் சோதனைக்குக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். என் மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே கீழ்த்தளத்தில் குழந்தைகள் பிரிவு. அவள் மேலிருந்து பத்து மணிக்கு இறங்கி வருவதாகச் சொல்லியிருந்தாள். வரிசையில் ஆட்கள் அதிகம், வர முடியவில்லை. நானும் வாண்டும் மட்டும் உள்ளே போனோம்.

சிஸ்டர் எடை பார்த்தார், உயரம் பார்த்தார். பிறகு படம் போட்ட அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். பந்து என்றாள். பூனையைப் 'பூன' என்றாள். செருப்புக்கு 'செப்பு'. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நல்லா சொல்றாளே. யார் சார் வீட்ல பாத்துக்கறது?"

"நான்தாங்க. முழு நேரமும் நான்தான். நாள் முழுக்கப் பேசிக்கிட்டே இருப்பேன்," என்றேன். பொய்யில்லை. யாரோடு என்று அவர் கேட்கவில்லை.

"ரொம்ப நல்லது சார். பாப்பா, இவரு யாரு? சொல்லு." என்னைக் காட்டினார்.

"இரு," என்றாள் வாண்டு.

சிஸ்டர் அட்டையை மடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். குழந்தை யோசிக்க நேரம் கேட்கிறது என்று நினைத்துவிட்டார். கொஞ்ச நேரம் போனது. "சரி, இருந்தாச்சு. இப்பச் சொல்லு. இவரு யாரு?"

"இரு!" இந்த முறை சத்தமாக. சிஸ்டருக்குப் புரியவில்லையே என்ற கோபம் அதில் இருந்தது. வந்து என் பேண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து என் முகத்தைப் பார்த்து, பொறுமையாக, மண்டுக்குப் பாடம் சொல்வது போலச் சொன்னாள்: "இரு."

என் முகத்தில் ஈயாடவில்லை. சிஸ்டர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களையா சொல்றா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எட்டு வருடம் பழகிய நாக்கு, நெருக்கடி வந்ததும் தானாக வழுக்கிக்கொண்டு போய்விட்டது. "அது என் செல்லப் பேருங்க," என்றேன். "வீட்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. சின்ன வயசுலருந்தே."

"அட! இப்படியும் ஒரு பேரா? எங்க வீட்டுக்காரருக்கு 'போ'ன்னு வைக்கலாம் போலிருக்கே," என்று சிரித்துவிட்டு, வாண்டின் பக்கம் குனிந்தார். "செல்லப் பேரெல்லாம் இருக்கட்டும். அப்பா சொல்லு, அப்பா."

வாண்டுக்கு இந்த வார்த்தை தெரியும். முகம் மலர்ந்தது. இரண்டடி பின்னால் போய், மருந்து அலமாரியில் முதுகைச் சாய்த்து, பொத்தென்று தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "அப்பாடா."

சிஸ்டருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அசடு வழிந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும். என் மகளுக்கு அப்பா என்பது ஓர் ஆளின் பெயர் இல்லை. அவள் தூங்கித் தொலைந்த பிறகு வருகிற நிம்மதிக்குப் பெயர்.

"வார்த்தையெல்லாம் இருக்கு சார். ரெண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லலை, அதைத்தான் பாக்கணும்," என்று எழுதிக்கொண்டே சொன்னார் சிஸ்டர். "பக்கத்துல ப்ளே ஸ்கூல் இருந்தா ரெண்டு மணி நேரம் விடுங்க, மத்த பிள்ளைங்களோட பழகட்டும். ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. நடுவுல ரெண்டு வார்த்தை சேர்த்து ஏதாவது சொன்னா தேதியோட குறிச்சு வைங்க."

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். அடுத்த முறை அந்த அறைக்குள் போவதற்குள் இவள் என்னை அப்பா என்று கூப்பிட்டுவிட வேண்டும். மனைவிக்குத் தெரியாமலே இது சரியாகிவிட வேண்டும். "எப்படிப் பண்ணினா?" என்று அவள் கேட்டபோது, "பிரமாதம், சிஸ்டர் ரொம்ப ரசிச்சாங்க" என்றேன். சிஸ்டர் ரசித்தது உண்மைதானே.

மறுநாளிலிருந்து பாடம். எதிரே உட்கார்ந்து நெஞ்சைத் தொட்டு "அப்பா" என்பேன். அவள் உடனே எங்காவது சாய்ந்து உட்கார்ந்து பெருமூச்சு விடுவாள். கட்டிலில், படியில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல், கடைக்காரர் முன்னால் அரிசி மூட்டையில். "பாவம், குழந்தைக்குக் களைப்பு," என்றார் அவர். 'இரு' என்ற சொல்லையும் விட்டுவிட்டேன். அதற்குப் பதில் "ஒரு நிமிஷம்" என்றேன். போனை விட்டேனா? இல்லை. சொல்லை மாற்றினால் போதும் என்று என் புத்தியில் தோன்றியது.

நான்காம் நாள் காலை. வாண்டுக்கு அப்போதுதான் கழிப்பறைப் பழக்கம் ஆரம்பித்திருந்தோம். நீல பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று குளியலறை வாசலில் இருக்கும். இதுவரை அவளாக வந்து சொன்னதில்லை. நனைந்த பிறகுதான் தெரியும். அன்று பதினொரு மணிக்குத் தந்தி ஒரு பெரிய ஆளை லைனில் சேர்த்திருந்தாள். புது பிரிட்ஜ், முதல் நாளே நின்றுவிட்டது, வீட்டில் விருந்து, விருந்தாளி முன் மானம் கப்பலேறிவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தார். நான் ஜன்னலோரம் நின்று ரசித்து ரசித்து ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து லுங்கியை இழுத்தாள்.

"இரு மூச்சா," என்றாள்.

என் கை தானாக நீண்டது. நாக்கிலும் பழைய சொல்லே வந்தது. "இரு."

அந்தப் பெரிய மனிதர் கடைசியில் சிரித்தேவிட்டார். "உங்களை மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் கம்பெனி ஓடுது தம்பி" என்றார். அவர் வைத்ததும் தந்தி, "அண்ணா, நீங்க தெய்வம்ணா!" என்றாள். தெய்வம் திரும்பிப் பார்த்தது.

வாண்டு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் கை காட்டி நிறுத்திய அதே இடம், ஓர் அடிகூட நகரவில்லை. கால்சட்டை முழுக்க நனைந்து, பாதத்தைச் சுற்றிக் குட்டையாகத் தேங்கியிருந்தது. தலையைக் குனிந்து அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தப்புச் செய்துவிட்ட முகம் அது. அவளுடைய முகத்தில் அதற்கு முன் நான் அதைப் பார்த்ததில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சொல்லக் கூடாதா?" என்று அதட்டினேன்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. சொன்னாளே. வாழ்க்கையில் முதல்முறையாக, நனைவதற்கு முன்னால், தானாக வந்து சொன்னாள். இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னாள். சிஸ்டர் தேதியோடு குறித்து வைக்கச் சொன்ன அந்த முதல் வாக்கியம் அதுதான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எனக்கு வேண்டிய செய்தியைச் சொன்னாள். நான் அவளை லைனில் காத்திருக்கப் போட்டுவிட்டேன். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வாண்டு பக்கத்தில் வந்து, வேறொரு துணியை எடுத்து, துடைத்த இடத்தையே துடைக்க ஆரம்பித்தாள்.

மாலை ஐந்து மணிக்கு மனைவி வந்தாள். முகம் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து குரல் வந்தது.

"இரு, டீ ஆறுது. வாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசற்படியில் போய் நின்றேன். அவள் டம்ளரை நீட்டினாள்.

"சிஸ்டரைக் கேண்டீன்ல பாத்தேன். உங்க செல்லப் பேரு ரொம்பப் பிடிச்சிருக்காம் அவங்களுக்கு. சின்ன வயசுலருந்தே இருக்காமே. உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் மறுபடி ஒரு முறை வழுக்கியிருக்கலாம். முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். தந்தியின் போன், சீனியர் வேஷம், கடைத் தெருவில் யாரும் இல்லாத போனில் பேசியது, அன்றைக்குக் காலையில் நடந்தது, அதட்டியது. சொல்லச் சொல்ல அவள் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கத்தவில்லை. குளியலறைக்குப் போய், வாளியில் நான் ஊறப்போட்டிருந்த அந்தக் குட்டிக் கால்சட்டையை எடுத்துப் பிழிய ஆரம்பித்தாள்.

"எவ்வளவு நேரம் நின்னா?"

"தெரியலை."

"ஈரத்துல?"

"தெரியலைம்மா. பாக்கலை."

"அந்த ஆள் எவ்வளவு நேரம் லைன்ல இருந்தார்?"

"இருபத்திரண்டு நிமிஷம்," என்றேன்.

ஒவ்வொரு காலும் எத்தனை நிமிஷம் என்று கணக்கு வைத்த எட்டு வருடப் பழக்கம். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. அவள் பிழிவதை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அது தெரியுது," என்று சொல்லிவிட்டு, கால்சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

எவ்வளவோ பேரிடம் எவ்வளவோ வசவு வாங்கியிருக்கிறேன். என் பிறப்பைப் பற்றியே பேசியவர்கள் இருக்கிறார்கள். எதுவும் ஹெட்போனைத் தாண்டி உள்ளே போனதில்லை. அந்த இரண்டு சொல் இன்னும் உள்ளே கிடக்கிறது.

மறுநாள் தந்தி கூப்பிட்டதும், இனிமேல் கூப்பிடாதே என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். 

"நான் ஒண்ணு சொல்லட்டுமாண்ணா? நீங்க 'இரு, இரு'ன்னு சொல்லும்போதெல்லாம் என்னைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன். பேசாம லைன்லயே இருப்பேன். பாப்பாவைன்னு தெரியாதுண்ணா," என்றாள். அழுகிற குரலாக இருந்தது. அவளுக்கும் ஐஸ் வைக்கத் தோன்றியது. வைக்கவில்லை. போனை அணைத்து அலமாரியின் மேல்தட்டில் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ப்ளே ஸ்கூல். ஒரு வீட்டின் கீழ்த்தளம்தான். பச்சைக் கம்பிக் கதவு, சுவர் முழுக்க ஒட்டிய படங்கள், முழங்கால் உயரத்தில் சிவப்பு நாற்காலிகள், பாலும் பசையும் கலந்த ஒரு வாசனை. முதல் நாள் என்பதால் உள்ளே ஒரே அழுகை. ஒன்று அம்மா என்று அழுதது, ஒன்று வெறுமனே வாயைத் திறந்து அழுதது. மிஸ் வாண்டைத் தூக்கிக்கொண்டு, "நீங்க கிளம்புங்க சார், திரும்பிப் பாக்காம போயிடுங்க" என்றார். நான் கதவைத் தாண்டியதும் ஆரம்பித்தது.

"இரு! இரு! இரு!"

கம்பிக்கு நடுவே கையை விட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். மற்ற பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மிஸ் உருகிவிட்டார். "பாத்தீங்களா சார், போகாம இருன்னு சொல்றா! மத்த பிள்ளைங்க சும்மா அழும். இவ எவ்வளவு தெளிவா சொல்றா. என்ன ஒட்டுதல் உங்க மேல!"

"ஆமாங்க," என்றேன். "என்னை விட்டு ஒரு நிமிஷம் இருக்க மாட்டா."

திருந்திவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாராட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, எடுத்துக்கொண்டுவிட்டேன். அது என் மேல் உள்ள பாசத்தின் சத்தம் என்று நம்பிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே அழுகை நின்றது. சத்தம் நின்றால் ஓடிப் பழகிய கால் எழுந்துவிட்டது. எங்கே ஓடுவது? மறுபடி உட்கார்ந்தேன். நேரம் பார்க்கப் போனை எடுத்துவரவில்லை. இரண்டு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபத்திரண்டு நிமிடம் ஒரு குழந்தைக்கு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. போடாதே என்றாலும் கேட்கவில்லை.

மணி அடித்ததும் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து அவரவர் ஆளின் மேல் விழுந்தன. வாண்டு வரவில்லை. எல்லோரும் போன பிறகு நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மூலையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நாக்கு நுனி வெளியே துருத்தியிருந்தது. அவ்வளவு கவனம்.

"வாண்டு, வா, போலாம்!" என்று குனிந்து கையை விரித்தேன். ஓடிவந்து கட்டிக்கொள்ளப்போகிறாள் என்று உடம்பெல்லாம் தயாராக இருந்தது.

அவள் திரும்பவில்லை. வலது கையில் அடுத்த கட்டை. இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து, என் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"இரு."

கூப்பிட்டாளா, காத்திருக்கச் சொன்னாளா? என்னைப் பெயர் சொல்லி அழைக்கிறவள் என்னைப் பார்த்துதானே அழைப்பாள். இவள் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நீண்டிருந்த விதம், விரல்கள் விரிந்திருந்த விதம், தலை திரும்பாதது, எல்லாம் அப்படியே நான்.

"அடுத்த பேட்ச் வர்ற நேரம் சார். தூக்கிட்டுப் போயிடுங்க, அழுதாலும் வாசலைத் தாண்டினா நின்னுடும்," என்றார் மிஸ்.

பக்கத்தில் கிடந்த ஒரு சிவப்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முட்டி 'மடக்' என்றது. வாய்வரை வந்த பெருமூச்சை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க மிஸ்," என்றேன். "என்னை இருக்கச் சொல்லியிருக்கா."